சாப்பாட்டு மணியிலிருந்து தொடங்கும் டியூட்டி சார்ட்

நாகர்கோவில் ஜவுளிக்கடை ஒன்றில் பல வருஷம் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தேன். டியூட்டி சார்ட் போடுவது என் பொறுப்பு. எந்தக் கவுண்டருக்கு எத்தனை ஆள் என்று முதலில் எழுதிவிட்டு, மிஞ்சிய இடத்தில் சாப்பாட்டு நேரத்தைச் செருகுவதுதான் பெரும்பாலும் வழக்கம். நான் ஓய்வு நேரத்தை முதலில் எழுதிவிட்டுக் கவுண்டரைப் பிறகு எழுதுவேன். அப்படிப் போட்ட சார்ட்டுதான் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழம்பாமல் நிற்கும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. கடை ஊழியருக்கு அது சொல்லும் கணக்கு எளிது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. 4 மணி நேரத்தைத் தாண்டி வேலை வாங்குவதென்றால், அதற்குள் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். வந்ததிலிருந்து போவது வரை, ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கூடுதல் நேரம் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம்.

காலை 9.30-க்குத் திறந்து இரவு 9-க்கு அடைக்கிற கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளைக் காலையிலிருந்து இரவு வரை நிறுத்தினால், 1 மணி ஓய்வு போகப் பத்தரை மணி நேரம் வேலை. சட்டத்தில் கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளைய எல்லை 10 மணி நேரம்தான். ஆகவே இரண்டு பேட்ச் வேண்டும்: 9.30 முதல் 6.30 வரை ஒன்று, 12 முதல் 9 வரை இன்னொன்று. முதல் பேட்சில் ஒரு கவுண்டருக்கு ஆறு பேர் என்றால் 11.30, 12.30, 1.30 என்று மூன்று பந்தி. ஒவ்வொரு பந்திக்கும் இரண்டு பேர். 1.30-க்குப் போகிறவர்கள் சரியாக நான்காவது மணி முடியும்போது போகிறார்கள். ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் சட்டம் உடைந்துவிடும். அதனால் கடைசிப் பந்தியை 1.15-க்கே வைத்துக்கொள்வது நல்லது. பட்டு பிரிவில் விலையும் நெசவும் தெரிந்த இரண்டு பேரை ஒரே பந்தியில் அனுப்பாதீர்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

ஓய்வைக் கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும். அதற்குப் பல வழிகள் உண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி, காலையில் சாயாவுக்குக் கால் மணி, சாயங்காலம் கால் மணி, மொத்தம் ஒரு மணி ஆயிற்றே என்று கணக்குக் காட்டுவது பரவலான வழி. சட்டம் கேட்பது ஒரு மணி நேர இடைவேளை. துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது அதில் சேராது. சாயா இடைவேளை அதற்கு மேல் கொடுப்பது.

எல்லோரையும் 11.30-க்கே சாப்பிட அனுப்பிவிடுவது இன்னொரு வழி. கூட்டம் வருவதற்குள் வேலை முடிந்துவிடும், காகிதத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் 12.30-க்குத் திரும்பியவர் 6.30 வரை, ஆறு மணி நேரம் ஒரே மூச்சாக நிற்கிறார். 4 மணி வாக்கில் அருமனைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "அண்ணே, இப்பம் காலு உளையுது, ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டு வாறேன்" என்று கேட்டாள். கேட்கிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஓய்வு கூச்சப்படுகிறவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே 11.30 பந்திக்காரர்களுக்கு 3.30-க்குப் பதினைந்து நிமிஷத்தைச் சார்ட்டிலேயே எழுதி வைத்தேன். பந்தியை வாராவாரம் மாற்றுவதும் அவசியம். இல்லாவிட்டால் சீனியர்கள் 12.30-ஐ விடவே மாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் ஆகியோரை இந்தச் சுற்றில் சேர்க்காமல் அவரவருக்குத் தோதான நேரத்தை நிலையாகக் கொடுத்துவிடலாம். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்தையும் அப்படியே.

ஓய்வு நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சண்டை அதிகம். சாப்பாட்டு அறை மேல் மாடியில், லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. படி ஏறவும் குழாயடியில் கை கழுவ நிற்கவும் இறங்கி வரவும் கால் மணி நேரம் போய்விடும். கவுண்டரில் இருக்கிற வாடிக்கையாளரை முடித்துக்கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்குள் இன்னும் பத்து நிமிஷம். கவுண்டரை அடுத்தவரிடம் ஒப்படைக்கிற நேரத்தை நோட்டில் எழுதி, அதிலிருந்து ஒரு மணி எண்ணினால் இந்தச் சண்டை பாதி அடங்கும். கழிப்பறைக்குப் போவதை ஓய்வில் கழிப்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

2021-இல் நம் சட்டத்தில் இருக்கை விதி சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்கிறது அது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரர் 'பெண்கூட்டு' அமைப்பின் மூலம் கடைப் பெண்களைத் திரட்டி வருஷக்கணக்காகப் போராடியதன் பலன். இங்கே ஸ்டூல் வந்தவுடன், "அதான் உட்காருதாங்களே, இனி எதுக்கு ஒரு மணி?" என்று கேட்ட முதலாளிமார் உண்டு. ஸ்டூலில் இருப்பவர் வேலையில்தான் இருக்கிறார். வாடிக்கையாளர் வந்தால் எழுந்தாக வேண்டும். ஓய்வு நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது.

ஓய்வைப் பறிப்பது எப்போதும் முதலாளி இல்லை. விற்பனைக்கு ஏற்ற இன்சென்டிவ் வைத்தால் அரை மணியில் தின்றுவிட்டு ஓடி வருவார்கள். நம் மாவட்டத்து முந்திரி ஆலைகளில் இதை வெகு காலமாகப் பார்க்கலாம். 1948 தொழிற்சாலைச் சட்டம் 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. ஆனால் உடைத்த பருப்பின் எடைக்குக் கூலி என்னும்போது, எண்ணெய்க் கறை படிந்த கையைக் கழுவுவதற்கே மனசு வராது. கடையில் நான் கண்ட வழி இதுதான்: ஆள் ஓய்வில் இருக்கும்போது நடக்கும் விற்பனையைக் கவுண்டர் மொத்தத்துக்கும் பொதுவாகப் பகிர்ந்தேன். அதன்பிறகு அரை மணியில் ஓடி வருவது தானாகக் குறைந்தது.

ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் நாட்களில் இந்தச் சார்ட்டு தாக்குப்பிடிக்காது. அந்த வாரங்களுக்குத் தற்காலிக ஆட்கள் எடுத்தே ஆக வேண்டும். அவர்களைத் துணி மடிக்கவும் பில் கவுண்டருக்குத் தூக்கிச் செல்லவும் வைத்துக்கொண்டு, பழைய ஆட்களைப் பந்திக்கு அனுப்பலாம். இரவு அடைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும்போது குலசேகரத்துக்கும் பூதப்பாண்டிக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுச் சார்ட்டில் கைவையுங்கள். தூரத்துக்காரர்களைக் காலை பேட்சில் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை.

ஊழியர்களுக்கு ஒன்று. கடையில் ஒட்டியிருக்கும் சார்ட்டை போனில் படம் எடுத்து வையுங்கள். ஓய்வுக்குப் போன நேரம், திரும்பிய நேரம், வாரத்தில் எத்தனை நாள் அது விடுபட்டது என்பதை ஒரு சின்ன நோட்டில் அன்றன்றே குறியுங்கள். தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுக்கும்போது "ஓய்வே கொடுக்கிறதில்லை" என்று மட்டும் எழுதினால் ஆய்வுக்கு வருபவருக்குப் பிடி கிடைக்காது. தேதியும் நேரமும் போட்ட இரண்டு வாரத்துக் குறிப்பையும் சார்ட்டின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், கடையின் வருகைப் பதிவேட்டோடு வைத்து ஒத்துப்பார்க்க அவருக்கு வழி இருக்கும்.