மேய்ப்பரால் வந்த காயம்

வாசிக்க: 1 சாமுவேல் 1:9-18; 2:12-17, 22-25; எசேக்கியேல் 34:1-16

மாட்டின் புண்ணில் புழு வைத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மேலே மருந்தைப் பூசி மூடிவிடுவதில்லை. மாடு உதைத்தாலும் பிடித்துக் கட்டி, புழுவை எடுத்து, கழுவி, அதன் பின்னரே மருந்து போடுகிறோம். மூடிவைத்த புண் வெளியே காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

சபைத் தலைவர்களால் மனிதருக்கு உண்டாகும் காயமும் இத்தகையதே. பலர் முன்னிலையில் அவமானப்படுத்திய ஒரு சொல், உதவி வழங்குகையில் காட்டிய பாரபட்சம், நம்பிச் சொன்ன இரகசியத்தை வெளியே விட்டது, பெண்ணிடமோ பிள்ளையிடமோ நடந்த தகாத செயல் எனக் காயங்கள் பலவிதம். அந்நியன் அடித்தால் கோவிலுக்கு ஓடி வரலாம். கோவிலிலேயே அடிபட்டவர் எங்கே ஓடுவார்?

காணியையும் வீட்டையும் விட்டு வந்தவர்களுக்கு இது இன்னும் கடினமானது. உதவிப் பட்டியலில் பெயர் எழுதுபவரும், சிபாரிசுக் கடிதம் கொடுப்பவரும், செபிக்க வருபவரும் சில இடங்களில் ஒருவராகவே இருப்பார். அவரைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த மாதப் பொருள் நின்றுவிடுமோ என்ற பயம் நாவைக் கட்டிவிடுகிறது.

1. சீலோவில் இரண்டு காயங்கள்

சீலோவின் ஆலயத்திலே இரண்டுவிதமான காயங்களை வேதம் காட்டுகிறது. முதலாவது அன்னாளுடையது. மனம் கசந்து, உதடு மட்டும் அசைய அவள் செபித்தாள். ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிகாரி என்று எண்ணிக் கடிந்தான். அவள் மரியாதையோடு, ஆனால் தெளிவாக, தான் குடிக்கவில்லை என்றும் தன் துக்கத்தையே ஆண்டவரிடம் ஊற்றியதாகவும் சொன்னாள். ஏலி தன் சொல்லை மாற்றி, அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். அவள் முகம் தெளிந்தது. தலைவர் தவறினார், காயப்பட்டவர் உண்மையைச் சொன்னார், தலைவர் கேட்டுத் திருந்தினார். இப்படியான காயம் விரைவில் ஆறும்.

இரண்டாவது காயம் வேறு. ஏலியின் குமாரராகிய ஓப்னியும் பினெகாசும் சனங்கள் கொண்டுவந்த பலியின் இறைச்சியைப் பலவந்தமாக எடுத்தார்கள். ஆலய வாசலில் ஊழியஞ்செய்த பெண்களோடு தகாத உறவு கொண்டார்கள். ஏலி வாயால் கண்டித்தான், தடுத்து நிறுத்தவில்லை. அதனால் சனங்களுக்குப் பலி செலுத்துவதே வெறுத்துப்போயிற்று. அந்த வெறுப்புக்கான பாவத்தை வேதம் யார்மேல் சுமத்துகிறது என்று பாருங்கள். வெறுத்துப்போன சனங்கள்மேல் அல்ல, வெறுக்கச் செய்த வாலிபர்மேல். கோவிலுக்கு வர மனமில்லாதிருக்கும் காயப்பட்டவரை “விசுவாசம் குறைந்தவர்” என்று நாம் சொல்லலாகாது.

2. முடிக்கப்படாத கற்குவியல்

கனடா நாட்டின் பூர்வீகக் குடிகள் நிலத்தை இழந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை, அவர்களின் பிள்ளைகள் 150,000 பேருக்கு மேல் அரசின் விடுதிப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். பலர் பெற்றோரிடமிருந்து பலவந்தமாகப் பிரிக்கப்பட்டவர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகளே. அங்கே தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள், அடிபட்டார்கள், பலர் பாலியல் கொடுமைக்கும் ஆளானார்கள்.

1986ஆம் ஆண்டு சட்பரி நகரில் கூடிய கனடா ஐக்கிய திருச்சபை, நற்செய்தியின் பேரால் தன் பண்பாட்டை அவர்கள்மேல் திணித்ததற்காக மன்னிப்புக் கேட்டது. பூர்வீக மூப்பர்கள் வெளியே காத்திருந்து அதைக் கேட்டார்கள். உடனே “மன்னித்தோம்” என்று சொல்லவில்லை. 1988இல் மன்னிப்புக் கேட்டதை அறிந்துகொண்டதாகத் தெரிவித்தார்கள், ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. திருச்சபை அதை வாழ்ந்து காட்டும் என்று நம்புவதாகக் கூறினார்கள். அந்த இடத்தில் அடையாளமாக எழுப்பிய கற்குவியலும் வேண்டுமென்றே முடிக்கப்படாமல் விடப்பட்டது. வேலை இன்னும் முடியவில்லை என்பதே அதன் பொருள்.

1998இல் அத்திருச்சபை விடுதிப் பாடசாலைகளுக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டது. 2008 முதல் 2015 வரை இயங்கிய உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 6,500 பேருக்கு மேற்பட்டோரின் சாட்சியத்தைக் கேட்டது. கத்தோலிக்கர் நடத்திய பாடசாலைகளிலே பலர் செய்த தீமைக்காக, 2022 யூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் கனடாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். முதியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளுக்கு வருத்தச் சொற்கள் மட்டும் போதுமானவையாக இருக்கவில்லை. தங்களுக்கு நடந்ததைச் சொல்லவும், அதை ஒருவர் நம்பிக் கேட்கவும் அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

3. ஆறுவதற்கான வழி

முதலில், நடந்ததை நடந்ததாகச் சொல்லுங்கள். நம்பத்தக்க ஒருவரிடம் தொடங்குங்கள். தனியே போய்ப் பேசும்படி மத்தேயு 18:15 சொல்வது சகோதரருக்கிடையிலான குற்றத்தைப் பற்றியது. அதிகாரத்தால் பயமுறுத்துபவரிடம் ஒரு பெண்ணையோ பிள்ளையையோ தனியே அனுப்ப அதைக் காரணமாக்கக் கூடாது.

இரண்டாவது, கேட்பவர் நன்றாகக் கேளுங்கள். “அவர் அப்படிப்பட்டவர் அல்ல”, “சபையின் பெயர் கெடும்” என்று இடைமறிக்காதீர்கள். சபையின் பெயரைக் கெடுத்தது தீமையே; அதைச் சொன்னவர் அல்ல.

மூன்றாவது, தீமையை நிறுத்துங்கள். ஏலியின் பிழை அவன் நிறுத்தாமல் விட்டதே. பிள்ளைக்கு நடந்த கொடுமை சபைக்குள் பேசித் தீர்க்கும் காரியமல்ல, சட்டப்படி குற்றம். இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்திலும், பெண்களுக்கு நேர்ந்தவற்றை 1938 என்ற இலக்கத்திலும் அறிவிக்கலாம்.

நான்காவது, மன்னிப்பை அவசரப்படுத்தாதீர்கள். மன்னிப்பது கர்த்தர் நமக்குக் கற்பித்ததே. ஆனால் விதைத்த மறுநாள் கதிரை யாரும் கேட்பதில்லை. காயப்படுத்தியவர் அதைக் கடனாகக் கேட்க உரிமையற்றவர். மன்னிப்பது வேறு, மறுபடி நம்புவது வேறு. மன்னித்த பின்னும், களஞ்சியத் திறப்பை அவர் கையில் மீண்டும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்திலே, மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்த மேய்ப்பருக்குத் தேவன் விரோதமாக நிற்கிறார். காயப்பட்ட ஆட்டுக்குத் தாமே கட்டுப் போடுவதாக வாக்களிக்கிறார். மேய்ப்பர் அடித்ததால் தேவனும் அடித்தார் என்று எண்ணிக்கொண்டிருக்கும் சகோதரியே, சகோதரனே, அவர் உங்கள் பக்கத்தில் நிற்கிறார்.

கலந்துரையாட

1. அன்னாளின் பேச்சைக் கேட்டு ஏலி மாறினான். அவனுடைய குமாரர் ஏன் மாறவில்லை?
2. நமது சபையில் ஒருவர் காயப்பட்டால், பயமின்றி யாரிடம் போய்ச் சொல்லலாம்?
3. உதவிப் பட்டியலை ஒருவரே எழுதாமல், பெண்களும் சேர்ந்த மூவர் எழுதி எல்லோரும் காண ஒட்டிவைத்தால் என்ன மாற்றம் வரும்?

செய்ய: இம்மாதம், கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். அழைக்கப் போகாதீர்கள்; கேட்கப் போங்கள்.