உங்கள் வயலுக்கு மேலுள்ள நிலம்: குளத்தொடரைப் பேணுதலும் அதனால் வரும் பயன்களும்

கமக்காரரே! நல்ல விதைநெல், அளவான பசளை, காலத்தில் களை கட்டல் ஆகியவை உங்கள் கையில் உள்ளன. ஆனால், உங்கள் விளைச்சல் உங்கள் வரம்புக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. வயலுக்குப் பாயும் நீர் குளத்திலிருந்து வருகின்றது. குளத்து நீரோ அதற்கு மேலேயுள்ள காட்டிலும் மேட்டு நிலத்திலும் வேறு குளங்களிலும் இருந்து வருகின்றது. அந்நிலம் எவருடையதாயினும், அதற்குச் செய்யப்படும் நன்மையும் தீமையும் இறுதியில் உங்கள் வயலையே வந்தடைகின்றன.

குளத்தொடர் என்பது யாது?

நமது உலர் வலயத்தில் ஆண்டு மழைவீழ்ச்சி 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவானது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரி காலத்தில் பெய்துவிடுகின்றது. ஆதலால் நம் முன்னோர், சிறு ஓடைகள் பாயும் பள்ளத்தாக்குகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களை அமைத்தனர். மேற்குளத்தின் கலிங்கால் வழியும் நீரும் அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் கீழ்க்குளத்தை அடைகின்றன. இவ்வாறு ஒரே நீர் பல ஊர்களுக்குப் பலமுறை பயன்படுகின்றது. இதனையே குளத்தொடர் என்கிறோம். சிங்களத்தில் எல்லங்காவ எனப்படும். இம்முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

குளத்தைக் காக்கும் நிலங்கள்

குளமென்பது கட்டும் துருசும் மாத்திரமன்று. பின்வரும் நான்கு நிலப்பகுதிகளும் அதன் உறுப்புகளேயாகும்.

1. நீரேந்து பகுதிக் காடு. இது மழைத்துளியின் வேகத்தைத் தணித்து மண்ணரிப்பைத் தடுக்கின்றது. காடு செறிந்திருந்தால் குளத்துக்கு வரும் நீர் ஓரளவு குறையலாம் என்பது உண்மையே. ஆயினும் காடழிந்த நிலத்திலிருந்து விரைந்து ஓடிவரும் நீர் வண்டலையும் கொண்டுவந்து குளத்தைத் தூர்த்துவிடும். தூர்ந்த குளத்தில் எத்தனை மழை பெய்தாலும் நீர் தங்க இடமிராது.

2. அலைகரையின் மேல்விளிம்பிலுள்ள மரச்சோலை. மருது முதலிய மரங்கள் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. அவற்றில் தங்கும் பறவைகள் வயலில் பூச்சிகளையும் தின்கின்றன.

3. மரச்சோலையை அடுத்துள்ள புற்றரை. வரும் நீரிலுள்ள மண்ணை இது வடித்து நிறுத்துகின்றது.

4. கட்டின் கீழ்ப்புறத்து ஈரநிலம். சிங்களத்தில் கட்டக்கடுவ எனப்படும் இப்பகுதியில் தாழையும் பிற செடிகளும் வளரும். கட்டினூடாகக் கசியும் நீரிலுள்ள உப்பையும் இரும்பையும் இவை பெருமளவில் தடுத்துக்கொள்கின்றன. இவ்விடத்தை வெட்டி வயலாக்கியவர் கால் ஏக்கர் நிலத்தைப் பெறக்கூடும். ஆனால் கீழேயுள்ள வயல்கள் உவர்ப்படும் அபாயம் உண்டு.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இதிற் பங்குண்டு. உலர் வலயத்தின் பெரும்பகுதியில் கடினப் பாறைக்கு மேலுள்ள ஆழமற்ற மண்படையிலேயே நிலத்தடி நீர் தங்குகின்றது. குளத்தில் நீர் நிற்கும்வரை அண்மையிலுள்ள கிணறுகளில் ஊற்று வற்றாது. குளம் தூர்ந்தால் மிளகாய்த் தோட்டமும் வெங்காயத் தோட்டமும் வாடும்.

ஒரு குளத்தை மாத்திரம் திருத்துதல் போதாது

மேற்குளத்தின் கட்டை அளவின்றி உயர்த்தினால் கீழ்க்குளத்துக்கு நீர் குறையும். கீழ்க்குளத்தின் கலிங்கை உயர்த்தினால் மேலேயுள்ள வயல்கள் நீரில் மூழ்கும். பெருவெள்ளத்தில் மேற்குளம் உடைத்தால், அந்நீர் முழுவதும் ஒருங்கே கீழ்க்குளத்தின்மீது பாயும். 1957ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தில் உலர் வலயத்தின் சிறு குளங்கள் நூற்றுக்கணக்கில் உடைத்தன. ஆதலால் எத்திருத்தமும் முழுத் தொடரையும் கருதியே செய்யப்படல் வேண்டும்.

இத்தொடர்பு ஊர் எல்லையுடன் நின்றுவிடுவதன்று. அநுராதபுரத்தினூடாகப் பாயும் மல்வத்து ஓயாவே மன்னாரில் அருவி ஆறு என வழங்குகின்றது. தேக்கம் அணையினின்று திருப்பப்படும் அதன் நீரே கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகின்றது. மேலேயுள்ள சிறு குளங்களும் காடுகளும் மண்ணைத் தடுத்து நிறுத்துவது மன்னார்க் கமக்காரருக்கும் நன்மையாகும்.

ஒருவரின் இலாபமும் பலரின் நட்டமும்

காட்டை வெட்டிச் சேனை செய்பவர் இரண்டொரு போகங்களின் வருவாயைப் பெறுகின்றார். தூர்ந்த குளத்தின் நட்டத்தையோ கீழேயுள்ள பல குடும்பங்கள் நெடுங்காலம் அனுபவிக்கின்றன. எனவே மேலேயுள்ளவரைப் பகைப்பதாற் பயனில்லை. அவருக்கும் பிழைப்பு உண்டு. அவரையும் அழைத்து, அவருக்குரிய மாற்று வழியை எண்ணி, யாவரும் ஒரு முடிவுக்கு வருதலே முறை. நீர் குறைந்த ஆண்டில் குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மாத்திரம் விதைத்து, அதனை யாவருக்கும் பங்கிடும் பெத்ம முறை, நம் நாட்டவருக்கு இத்தகைய ஒற்றுமை புதியதன்று என்பதற்குச் சான்றாகும்.

நீங்கள் செய்யவேண்டியவை

1. அலைகரையிலும் கட்டின் கீழுள்ள ஈரநிலத்திலும் பயிரிடாதீர்கள். அங்குள்ள மரங்களைத் தறியாதீர்கள்.

2. மரமற்ற இடங்களில் மாரி மழை தொடங்கியதும் மருது, இலுப்பை ஆகிய கன்றுகளை நடுங்கள். குளக்கட்டின்மீது பெருமரம் வளர விடாதீர்கள். அதன் வேர் கட்டைப் பிளக்கும்.

3. மேட்டு நிலப் பயிரைச் சரிவுக்குக் குறுக்கே நடுங்கள். சமவுயர வரம்புகள் கட்டி மண்ணைத் தடுங்கள்.

4. வண்டல் அகற்றும்போது அதனை அலைகரையிற் குவிக்காதீர்கள். அடுத்த மழையில் அது குளத்துக்கே திரும்பும்.

5. பசளையையும் கிருமிநாசினியையும் விதந்துரைத்த அளவுக்கு மேல் இடாதீர்கள். உங்கள் வயலின் கழிவுநீரே அடுத்த ஊரின் குளத்து நீராகும்.

6. ஒரே தொடரிலுள்ள கமக்காரர் அமைப்புகள் யாவும் காலபோகத்துக்கு முன் ஒன்றுகூடித் திட்டமிடுங்கள்.

200 ஏக்கர் வரையான வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளவை. அவற்றுக்குச் சேதம் விளைவிப்பது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி குற்றமாகும். எனினும், சட்டம் காப்பதிலும் பார்க்க ஊரவர் காப்பதே நிலைக்கும்.

அடுத்த மழைக்கு முன் ஒருநாள் உங்கள் குளத்துக்கு மேலே ஓடை வழியே நடந்து பாருங்கள். மண் எங்கே அரிக்கப்படுகின்றது, மரம் எங்கே அற்றுப்போயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறுங்கள்.