அச்சில் வந்தால் போதுமா?

பூமி சூடாவதை மறுக்கும் கட்டுரை அறிவியல் இதழிலேயே வந்திருக்கிறது என்று நண்பர் காட்டுகிறார். நம்பலாமா?

இதழில் வருவது முதல் படிதான். 2003-இல் 'கிளைமேட் ரிசர்ச்' இதழில் வில்லி சூன், சாலி பலியூனாஸ் இருவரும், ஆயிரம் ஆண்டுக் கணக்கில் 20-ஆம் நூற்றாண்டு அப்படியொன்றும் வெப்பமானதல்ல என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஓர் இடத்தில் ஐம்பது ஆண்டுகள் மழை கூடினாலும் குறைந்தாலும், இரண்டையுமே இடைக்காலத்திலும் பூமி சூடாக இருந்ததற்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்! ஆய்வுச் செலவில் ஒரு பங்கு அமெரிக்கப் பெட்ரோலியத் தொழில் சங்கத்துடையது. கட்டுரையின் குறையை ஒப்புக்கொண்டு தலையங்கம் எழுதப் பதிப்பாளர் விடவில்லை என்பதால், தலைமை ஆசிரியராகவிருந்த ஹான்ஸ் ஃபான் ஸ்டோர்ச் பதவியே வேண்டாமென்று விலகினார்.

நண்பரின் கட்டுரைத் தலைப்பைக் கூகுள் ஸ்காலரில் போட்டு, அதை மேற்கோள் காட்டியவர்களைப் பாருங்கள். மறுப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே சிக்கும். பணம் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் கடைசிப் பக்க நன்றியுரையில் இருக்கும். நண்பர் அதுவரை படித்திருக்க மாட்டார்.