விசை வேறு, வேலை வேறு

ஜாவா ஸ்விங்கில் படம் வரையும் செயலி ஒன்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஜேபேனலை நீட்டித்து ஒரு கிளாஸ். அதன் தலையிலேயே கீலிஸனர், மவுஸ்லிஸனர், மவுஸ்மோஷன்லிஸனர் மூன்றும். பிறகு கீபிரஸ்ட் மெதடுக்குள் எந்த விசை என்று பார்த்துக்கொண்டே போகும் நீளமான இஃப்-எல்ஸ் வரிசை. வட்டத்தை நகர்த்துவது, கோப்பைச் சேமிப்பது, அழித்ததை மீட்பது எல்லாம் அந்த வரிசைக்குள்ளேயே நடந்துவிடும். நிரல் ஓடவும் செய்யும். ஆனால் எந்த விசை அழுத்தப்பட்டது என்று தெரிந்த கிளாஸும், அதற்காக என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்த கிளாஸும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. உள்ளீட்டை வாங்குகிற இடம், விசையையும் கிளிக்கையும் 'சேமி', 'நகர்த்து', 'தேர்ந்தெடு' என்ற கட்டளைகளாக மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வட்டத்திடம் 'வலப்பக்கம் பத்து பிக்சல் போ' என்று சொன்னால் போதும். வலது அம்புக்குறி விசை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு ஜாவாவின் சொந்த வரலாறே நல்ல சாட்சி. 1996-ல் வந்த முதல் பதிப்பில் ஹேண்டில்ஈவென்ட், மவுஸ்டவுன், கீடவுன் போன்ற மெதடுகளைத் துணைக் கிளாஸில் மாற்றி எழுதித்தான் உள்ளீட்டைப் பிடிக்க முடியும். ஒரு பொத்தானுக்கு வேலை கொடுக்க, ஒன்று அந்தப் பொத்தானையே நீட்டித்துப் புதுக் கிளாஸ் எழுத வேண்டும். இல்லையென்றால் அதைத் தாங்கும் சட்டகத்தில் 'இது எந்தப் பொத்தானிலிருந்து வந்தது' என்று விசாரிக்க வேண்டும். ஓராண்டுக்குள் அது சரிப்படாது என்று தெரிந்து, 1997-ன் 1.1 பதிப்பில் லிஸனர்கள் வந்தன. நிகழ்வு பிறக்கும் ஆப்ஜெக்ட் ஒன்று, அதற்குப் பதில் செய்யும் ஆப்ஜெக்ட் வேறொன்று. அதற்குப் பின் வந்த ஸ்விங் இன்னும் ஒரு படி போனது. இன்புட்மேப் என்ற அட்டவணையில் 'கன்ட்ரோல்-எஸ்' என்ற விசைக்கு எதிரே 'சேமி' என்று ஒரு பெயர். ஆக்‌ஷன்மேப் என்ற இன்னொரு அட்டவணையில் 'சேமி' என்ற பெயருக்கு எதிரே அதைச் செய்யும் ஆக்‌ஷன் ஆப்ஜெக்ட். இதே ஆக்‌ஷனை மெனுவுக்கும் டூல்பார் பொத்தானுக்கும் கொடுக்கலாம். சேமிக்க ஒன்றுமில்லாதபோது ஆக்‌ஷனை ஓரிடத்தில் முடக்கினால் மெனுவும் பொத்தானும் தாமாக மங்கும், விசையும் பேசாமல் இருக்கும். இஃப்-எல்ஸ் வரிசையில் இதே விளைவைக் கொண்டுவர மூன்று இடங்களைத் தொட வேண்டும், மூன்றையும் மறக்காமல் தொட வேண்டும்.

'கீலிஸனர் வேலை செய்யவில்லை' என்பது ஸ்விங் கற்பவர்களின் நிரந்தரப் புலம்பல். லிஸனரில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. ஃபோகஸ்தான் வேறெங்கோ இருக்கும். கீபோர்டு நிகழ்வு ஃபோகஸ் வைத்திருக்கும் பாகத்துக்கு மட்டுமே போகும். ஜேபேனலைக் கிளிக் செய்வதால் மட்டும் ஃபோகஸ் அதற்கு வந்துவிடாது. நிரலில் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகும், பயனர் 'வண்ணம்' பொத்தானை ஒரு முறை அழுத்தினால் ஃபோகஸ் அங்கே போய்விடும், அம்புக்குறி விசைகள் செத்துவிடும். இதற்காகச் சிலர் பொத்தான்கள் எல்லாவற்றையும் ஃபோகஸ் வாங்காதவை ஆக்கிவிடுகிறார்கள். டேப் விசையாலேயே திரையைச் சுற்றி வருபவர்களுக்கு, குறிப்பாக மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு, இது கதவைச் சாத்துவதற்குச் சமம். இன்புட்மேப்பில் மூன்று எல்லைகள் உண்டு: பாகத்தின் மேலேயே ஃபோகஸ் இருக்கும்போது, அதற்குள் இருக்கும் ஏதாவதொன்றின் மேல் இருக்கும்போது, ஜன்னலுக்குள் எங்கே இருந்தாலும். கன்ட்ரோல் சேர்ந்த குறுக்குவிசைகளை மூன்றாவதில் வையுங்கள். தனி எழுத்துகளை அங்கே வைக்கவே வேண்டாம். டெக்ஸ்ட்ஃபீல்டு 'எழுத்து தட்டப்பட்டது' என்ற நிகழ்வைத்தான் எடுத்துக்கொள்கிறது. 'விசை அழுத்தப்பட்டது' என்ற நிகழ்வு அதைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் போகும். 'டி' விசைக்கு ஜன்னல் அளவில் 'நீக்கு' என்று கட்டியிருந்தால், பயனர் படத்துக்குப் பெயர் தட்டிக்கொண்டிருக்கும்போதே படம் காணாமல் போகும்.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு இந்த விவகாரம் இன்னும் கூர்மையானது. விளையாட்டுகளில் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் திசை விசைகள் என்பது வழக்கம். தமிழ்99 அமைப்பில் இதே நான்கு விசைகளும் ஈ, அ, இ, உ. கீடைப்ட் மெதடில் வந்த எழுத்து 'டபிள்யூ'தானா என்று ஒப்பிடும் நிரல், தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கும்போது நகராமல் நிற்கும். பிரெஞ்சு அசெர்ட்டி கீபோர்டில் டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கிறது. அங்கேயும் கதை இதுதான். ஆகவே எழுத்து, விசைக்குறி, விசையின் இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக நினைக்கப் பழக வேண்டும். பிரௌசர்களில் கீ, கோட் என்று இரண்டு பண்புகள் இருப்பது இதற்காகத்தான்: முதலாவது என்ன எழுத்து என்று சொல்லும், இரண்டாவது கீபோர்டில் எந்த இடம் என்று சொல்லும். விசை அட்டவணை நிரலின் ஓரிடத்தில் இருந்தால் பயனர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள விடலாம். இருபது கிளாஸ்களில் சிதறிக் கிடந்தால் முடியாது. எழுத்து வாங்க வேண்டிய இடத்தில் சொந்தமாக டெக்ஸ்ட்பாக்ஸ் எழுதும் ஆசையையும் விட்டுவிடலாம். தமிழ்99-ல் எச் தட்டினால் 'க'. அடுத்து எஸ் தட்டினால் புதிய எழுத்து சேராமல் அந்த 'க'வே 'கி' ஆகிறது. கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறிகள். கர்சர் அவற்றின் நடுவில் நிற்கக் கூடாது. இதையெல்லாம் ஸ்விங்கின் டெக்ஸ்ட் பாகங்களிடமே விட்டுவிடுவது உத்தமம்.

மவுஸ் வேறு விதமாகப் படுத்தும். அழுத்துவது, இழுப்பது, விடுவது மூன்றும் பயனருக்கு ஒரே செயல். நிரலுக்கு மூன்று தனி மெதடுகள். நடுவில் நினைவு வைத்துக்கொள்ள 'இழுக்கிறான்', 'வரைகிறான்', 'அளவு மாற்றுகிறான்' என்று மூன்று பூலியன் மாறிகளை வைத்தால் எட்டு சேர்க்கைகள் கிடைக்கும். அவற்றில் உருப்படியானவை நான்குதான். மீதி நான்கும் பிழைகள் குடியிருக்கும் வீடுகள். இதற்கு நல்ல முன்மாதிரி ஜேஹாட்டிரா என்ற வரைபடச் சட்டகம். 1994-ன் 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவரான எரிக் காமாவும் தாமஸ் எக்கென்ஷ்விலரும் உருவாக்கியது. அதில் கோடு வரைவதற்கு ஒரு கருவி ஆப்ஜெக்ட், தேர்ந்தெடுக்க வேறொன்று. திரை மவுஸ் நிகழ்வை அப்போதைய கருவியிடம் தள்ளிவிட்டு வேறெதையும் யோசிப்பதில்லை. நகர்த்தும் கருவிக்குள் சின்ன விஷயங்களில் கவனம் வேண்டும். அழுத்திய புள்ளிக்கும் வடிவத்தின் மூலைக்கும் உள்ள தூரத்தைக் கருவி முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் இழுக்கத் தொடங்கியதும் வடிவத்தின் மூலை கர்சருக்குத் தாவும். நான்கைந்து பிக்சல் நகரும் வரை இழுப்பு என்று எண்ணாதீர்கள். கை லேசாக நடுங்குகிறவர்களுக்கும் கிளிக் என்று ஒன்று வேண்டும். நடுவில் எஸ்கேப் அழுத்தினால் வடிவம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கருவி தனி ஆப்ஜெக்டாக இருந்தால் அதற்கு 'கைவிடு' என்று ஒரு மெதட் போதும். வலது கிளிக் மெனுவுக்கான சோதனையை அழுத்தும்போதும் விடும்போதும் செய்யுங்கள். விண்டோஸ் ஒன்றில் காட்டும், மற்ற இயங்குதளங்கள் மற்றொன்றில் காட்டும்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, நியாயமானவையும் கூட. ஐம்பது வரி நிரலுக்கு இத்தனை அட்டவணை எதற்கு என்பார்கள். ஒரு நாள் காட்டிவிட்டு அழிக்கப்போகும் நிரலுக்குத் தேவையே இல்லை. ஆனால் ஒரே வேலைக்கு விசையும் மெனுவும் என இரண்டு வழிகள் வந்த கணமே அட்டவணை தன் செலவை ஈட்டிவிடுகிறது. கொஞ்சம் வலுவான மறுப்பு விளையாட்டு எழுதுகிறவர்களுடையது: கப்பல் ஓடுவது ஒரு விசை அழுத்தத்தால் அல்ல, விசை எவ்வளவு நேரம் அமுங்கியிருக்கிறது என்பதால், அங்கே கட்டளைக்கு இடமில்லை என்பார்கள். உண்மைதான். அமுங்கியிருக்கும் விசைகளின் பட்டியலை ஓர் ஆப்ஜெக்ட் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் கப்பல் அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அங்கேயும் கப்பல் கேட்க வேண்டிய கேள்வி 'இடப்பக்கம் போகச் சொல்கிறார்களா'. 'ஏ விசை அமுங்கியிருக்கிறதா' என்பது அந்தப் பட்டியல் ஆப்ஜெக்டுக்குள் அடங்க வேண்டிய கேள்வி. தளங்களின் முரண்களும் அங்கேயே அடங்கும். விசையை அமுக்கியபடி வேறு ஜன்னலுக்குப் போனால் 'விட்டேன்' என்ற நிகழ்வு வராது, கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோகஸ் போனதும் பட்டியலைக் காலி செய்ய வேண்டும். லினக்ஸில் விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அழுத்தமும் விடுதலும் மாறி மாறி வந்து குழப்பும். இவற்றை ஒரு தடவை ஓரிடத்தில் சரிசெய்தால் போதும்.

கிளாஸ்கள் பெருகுகின்றன என்ற குறை பாதி உண்மை. 2014-ன் ஜாவா 8-க்குப் பிறகு பல லிஸனர்களை ஒரு வரி லாம்டாவாக எழுதலாம். மவுஸ்லிஸனரில் ஐந்து மெதடுகள் இருப்பதால் அதற்கு அந்த வழியில்லை, மவுஸ்அடாப்டரை நீட்டிக்க வேண்டும்.

கட்டளையைப் பிரித்து வைப்பதன் பெரிய லாபம் சோதனையிலும் மீட்பதிலும் தெரியும். ரோபோ கிளாஸைக் கொண்டு மவுஸை நகர்த்திச் சோதித்தால், நடுவில் யாராவது மேசை மவுஸைத் தொட்டாலே சோதனை தோற்கும். 'நகர்த்து' கட்டளையை நேரே அழைத்துச் சோதிக்க திரையே வேண்டாம். மீட்பதற்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: இழுக்கும்போது வரும் ஒவ்வொரு நிகழ்வையும் கட்டளையாகப் பதியாதீர்கள். மவுஸை விடும் கணத்தில், தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை ஒரே நகர்வாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒரு வட்டத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர, பயனர் கன்ட்ரோல்-இசட்டை நாற்பது தடவை தட்ட வேண்டியிருக்கும்.