உருளைக்கிழங்கு ஜெர்மானியர்

விபோர்க்கிலிருந்து தென்மேற்கே காரூப் பக்கம் போகிறவர்கள் பிரெடெரிக்ஸ் என்னும் சிற்றூரைக் கடந்திருப்பீர்கள். நின்று பார்த்தவர்கள் குறைவு. அதன் கதை எமது பிள்ளைகள் அறியவேண்டிய கதை.

அன்று அப்பகுதி முழுவதும் பற்றை மண்டிய மணற்காடு. அதற்கு ஆல்ஹெதன் என்று பெயர். அதைப் பயிர்நிலமாக்க விரும்பிய மன்னர் ஐந்தாம் பிரெடெரிக், 1759இல் தென்ஜெர்மனியிலிருந்து ஏழை விவசாயிகளை வரவழைத்தார். அங்கே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நிலம், வீடு, மாடு, வரிவிலக்கு தருவதாக பிராங்க்பர்ட்டில் ஆள் சேர்த்தனர். போருக்கு அஞ்சி வேற்று நாட்டுக்குப் புறப்படுவதென்றால் என்னவென்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

வந்து பார்த்தால் வெறும் மணல். தானியப் பயிர்கள் சரிவரவில்லை. பல குடும்பங்கள் மனமுடைந்து வெளியேறின. 1763இல் ரஷ்ய அரசி கதரீன் விடுத்த அழைப்பை நம்பி வொல்கா நதிக்கரைக்குப் போனோரும் உண்டு. எஞ்சியோர் கிரன்ஹோய், ஹவ்ரடால் ஆகிய குடியிருப்புகளில் உருளைக்கிழங்கு நட்டுப் பிழைத்தார்கள். டேனிஷ்காரர் அவர்களுக்கு 'உருளைக்கிழங்கு ஜெர்மானியர்' என்றே பெயர் வைத்தனர். (டென்மார்க்கில் அக்கிழங்கை முதலில் நட்டவர்கள் இவர்கள் அல்லர். பிரெடெரிசியாவில் குடியேறிய பிரெஞ்சு அகதிகள் முன்பே நட்டிருந்தனர். ஆனாலும் பெயர் இவர்களுக்கே நிலைத்துவிட்டது.)

1766இல் அவர்களுக்கென ஒரு தேவாலயம் எழுந்தது. மன்னரின் பெயர்தான் அதற்கும், பின்னர் ஊருக்கும் வழங்கலாயிற்று. எமக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அத்தேவாலயத்தில் 1870 வரை ஜெர்மன் மொழியில் வழிபாடு நடந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல்! வயலிலும் சந்தையிலும் டேனிஷ் வந்துவிட்ட பின்னரும் வழிபாட்டில் தாய்மொழி நின்றது. அதன்பின் அங்கும் நிற்கவில்லை.

எமது கோவிலில் அர்ச்சனை நேரத்தில் தமிழ் கேட்கிறது. பிரசாத வரிசையில் பிள்ளைகள் தமக்குள் டேனிஷ்தான் பேசுகிறார்கள். அவர்களை நாம் குறைகூறவில்லை. பள்ளியில் நாள் முழுவதும் பேசுவது அதைத்தானே. ஆனால் அந்த ஜெர்மானியருக்கு வாராவாரம் வழிபாடு இருந்தும் வீட்டில் மொழி தேய்ந்ததென்றால், கோவில் மட்டும் போதும் என்று நாம் இருந்துவிடலாமா?

பிட்ஷ், கிரீக்பவும், டூர், மார்க்வார்ட் போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அவ்வட்டாரத்தில் வழங்குகின்றன. அடுத்த முறை அப்பக்கம் போனால் தேவாலய முற்றத்துக் கல்லறைகளில் பெயர்களைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். எது டேனிஷ், எது ஜெர்மன் என்று அவர்களே பிரித்துச் சொல்லட்டும்.