பெரியவங்ககிட்ட போய்க் கேட்ட மாணவர்கள்

ஹவாய் மொழியில் ‘மோஓலேலோ’ என்றொரு சொல் உண்டு. கதையையும் அப்படித்தான் சொல்வார்கள், வரலாற்றையும் அப்படித்தான். ‘ஓலேலோ’ என்றால் பேச்சு, ‘மோஓ’ என்றால் தொடர். விட்டுப்போகாமல் தொடர்ந்து வரும் பேச்சு.

அந்தப் பேச்சை முதலில் நூலாக்க உழைத்தவர்கள் யார் தெரியுமா? மாணவர்கள்! 1836-இல் மாவி தீவின் லஹைனாலுனா பள்ளியில், ஷெல்டன் டிபிள் என்ற பாதிரியார் பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். கேள்விகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் தனியாகப் போய், வயதில் மூத்த தலைவர்களையும் விவரம் தெரிந்த பெரியவர்களையும் கேட்டு எழுதி வரணும். பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு பொருந்தாவிட்டால் பேசித் திருத்துவார்கள். 1838-இல் அது ஹவாய் மொழியிலேயே நூலாக வந்தது. பாதிரியாரின் பார்வையும் அதில் கலந்திருக்கிறது. பழைய வழிபாடு பற்றிய பகுதிகளை அதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் கேட்டு எழுதிய பிள்ளைகள் அந்த மண்ணின் பிள்ளைகள்.

1893-இல் அரசி லிலியுகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. பிறகு என்ன, வீட்டிலும் மொழி மெல்ல மெல்லக் குறைந்தது. 1978-இல்தான் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. 1984-இல் காவாய் தீவில் ஹவாய் மொழிப் பாலர்பள்ளி ஒன்று திறந்தார்கள்.

இப்போது மாணவர்கள் கையில் கேமரா இருக்கிறது. 2011-இல் பிபிஎஸ் ஹவாய் தொலைக்காட்சி ‘ஹிகி நோ’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ‘முடியும்’ என்பதுதான் பெயரின் பொருள். பல தீவுகளின் இடைநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களே படம்பிடித்து, பேட்டி எடுத்து, வெட்டி ஒட்டித் தருகிறார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘கலோ’ என்னும் சேம்புச் செடியை மனிதனுக்கு மூத்த அண்ணன் என்கிறது ஹவாய்த் தொன்மக் கதை. இது தெரியாமல் சேம்பு வயலைப் படம் எடுத்தால் அது வெறும் விவசாயச் செய்திதான். தெரிந்த பிள்ளை எடுத்தால் அது குடும்பக் கதை!

இந்த வாரப் பயிற்சி: மூன்று பேராகச் சேருங்கள். “நம்ம தாமான் வருவதற்கு முன்னால இந்த இடத்துல என்ன இருந்தது?” இந்த ஒரே கேள்வியை ஆளுக்கொரு பெரியவரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். பொருந்தாத இடங்களுக்குக் கோடு போட்டு வையுங்கள். அடுத்த வகுப்பை அந்தக் கோடுகளிலிருந்து தொடங்குவோம்.