அம்மாச்சியின் பொற்பல்

எங்கள் அம்மாச்சி சிரித்தால் கடைவாயில் ஒரு பொன்மின்னல் தெரியும். பல ஆண்டுகள் மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துச் சேர்த்த கூலியில் கட்டிக்கொண்ட தங்கப் பல் அது. சென்ற ஆண்டு அப்பல் வேரோடு கழன்று விழுந்தது. அதைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "ஏத்தா, நீ அறிவியல் படிக்கிற பிள்ளைதானே? இது அரைப் பவுன் தேறுமா? உன் காலேசுச் செலவுக்கு ஆகுமே" என்றார். தெருவில் பழைய நகை வாங்க வந்த ஒருவரோ, "இது வெறும் முலாம்" என்று சொல்லிச் சொற்பத் தொகைக்குக் கேட்டார். இருவரில் யார் சொல்வது சரி? விடை தேடியபோது நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பல்லுறையில் என்ன இருக்கிறது?

சுத்தத் தங்கம் 24 காரட். அது மிகவும் மென்மையானது. முறுக்கு கடிக்கும் பல்லுக்கு அது தாங்காது. ஆகவே வேறு உலோகங்களைச் சேர்க்கிறார்கள். செம்பு கடினம் தரும். ஆனால் நிறத்தைச் சிவப்பாக்கும். வெள்ளி அச்சிவப்பைத் தணிக்கும். பல்லேடியமும் பிளாட்டினமும் வலிமை கூட்டும். உமிழ்நீரில் கறுக்காமல் காக்கும். சிறிதளவு துத்தநாகம், உருக்கும்போது சேரும் ஆக்சிஜனை ஈர்த்துக்கொள்ளும். இவ்வாறு செய்யப்படும் மஞ்சள் நிறப் பல்லுறைகளில் தங்கம் பெரும்பாலும் 40 முதல் 80 விழுக்காடு வரை இருக்கும்.

இதை வார்க்கும் முறை நமக்குப் புதியதன்று. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனி வார்ப்பதும் இம்முறையில்தான். இதனைப் பல் மருத்துவத்தில் 1907-ஆம் ஆண்டு பரவச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டாகர்ட்.

நிறத்தை நம்பலாமா?

போடி ஏல மையத்தில் ஏலக்காயை நிறத்தை மட்டும் பார்த்து வாங்கமாட்டார்கள். பருமனையும் லிட்டர் எடையையும் சேர்த்தே பார்ப்பார்கள். பல்லுறையும் அப்படித்தான். பல்லேடியம் மிகுந்தால் தங்கம் உள்ள உறையும் வெள்ளையாகத் தெரியும். டைட்டானியம் நைட்ரைடு பூசினால் தங்கமே இல்லாத உறையும் பொன்போல் மின்னும். நிக்கல்-குரோமியம் உறைகளுக்குப் பழைய விலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரை பல்லுறையில் இருப்பதில்லை. ஆகவே உரைகல்லோ, எக்ஸ்-கதிர்க் கருவியோதான் உண்மையைச் சொல்லும்.

கணக்கைப் பாருங்கள்!

வேருடன் நிறுத்தபோது எங்கள் பல்லின் எடை 3.8 கிராம். பல் மருத்துவர் பல்லையும் சிமெண்டையும் நீக்கித் தந்தபின் உறை மட்டும் 2.5 கிராம். போடியில் ஒரு கடையில் கருவியில் வைத்தபோது தங்கம் 60 விழுக்காடு எனக் காட்டியது. அப்படியானால் சுத்தத் தங்கம்:

2.5 × 60 ÷ 100 = 1.5 கிராம்.

அரைப் பவுன், அதாவது 4 கிராம், 22 காரட் நகையில் உள்ள சுத்தத் தங்கம் 3.66 கிராம். ஆகவே அம்மாச்சியின் அரைப் பவுன் கனவு பலிக்கவில்லை. முலாம் என்ற வியாபாரியின் சொல்லும் பொய்யாயிற்று. உருக்குச் சேதாரமும் கூலியும் கழித்தே கடைக்காரர் பணம் தருவார். பல்லேடியம் விலையுயர்ந்ததே; ஆனால் ஓர் உறையிலிருந்து அதைப் பிரிக்கும் செலவு மிகுதி என்பதால் சிறு கடைகளில் பெரும்பாலும் அதற்கு விலை கிடைக்காது.

14 காரட்டின் கதை

60 விழுக்காடு என்பது ஏறத்தாழ 14 காரட். 1963-ஆம் ஆண்டு ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்வது நம் நாட்டில் தடுக்கப்பட்டது. மக்கள் அந்நகையை விரும்பவில்லை. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். பின்னர் வந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் 1990-இல் நீக்கப்பட்டது. கழுத்துக்குப் பிடிக்காத அந்தத் தரம் கடைவாய்க்குப் பொருந்தியது வியப்பல்லவா!

ஓர் எச்சரிக்கை

தோழிகளே, வீட்டில் பழைய பல்லுறை கிடைத்தால் அதை அடுப்பில் உருக்காதீர்கள். பல்லில் வெள்ளி அடைப்பு ஒட்டியிருந்தால் அதில் ஏறத்தாழப் பாதி பாதரசம். சூடேறினால் நச்சாவி எழும். அமிலத்திலும் இடாதீர்கள். நன்றாக இருக்கும் உறையைப் பணத்துக்காகக் கழற்றுவதும் வேண்டாம். மெல்லும் பல்லின் விலை அதைவிடப் பெரிது.

கடையில் தந்த பணத்தை எண்ணிக்கூடப் பாராமல் அம்மாச்சி என் கையில் வைத்தார். "அரைப் பவுன் இல்லாட்டி என்னத்தா? ஏமாறாம வந்தோமே, அது போதும்" என்று சிரித்தார். மின்னல் இல்லாத அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் அழகாகத் தெரிந்தது.